ஆறு வருஷச் சொட்டு மருந்து

போன வாரம் ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் மாமியாருக்கு பி.பி. மாத்திரை வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பையன், கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை, இருபது வயதுகூட இருக்காது. வாயைச் சற்றுத் திறந்தபடியே நின்றான். "அண்ணா, மூக்கு டிராப்ஸ் ரெண்டு" என்றான். கடைக்காரர் எந்த டிராப்ஸ் என்று கேட்கவில்லை, அலமாரிப் பக்கம் திரும்பவும் இல்லை, கைக்கு எட்டும் இடத்திலிருந்தே எடுத்து வைத்தார். பையன் காசைக் கொடுத்துவிட்டு, படி இறங்குவதற்குள்ளேயே ஒரு பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்துவிட்டான். தலையைப் பின்னால் சாய்த்து இடது பக்கம் மூன்று சொட்டு, வலது பக்கம் மூன்று சொட்டு. கண்ணை மூடி ஒரு நிமிடம் அப்படியே நின்றான். அப்புறம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ரெண்டு என்று அவன் சொன்னதுதான் இந்த ஒரு வாரமாக என்னை விடவில்லை. சளி பிடித்தவன் ஒன்று வாங்குவான். ரெண்டு வாங்குகிறவன், ராத்திரி தீர்ந்துபோனால் என்ன செய்வது என்ற பயத்தில் வாங்குகிறவன். ஆறு வருஷம் நான் அப்படித்தான் வாங்கினேன். அவனை நிறுத்தி நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. முன்பின் தெரியாத பெண் நடுத்தெருவில் மூக்கைப் பற்றிப் பேசினால் அவன் என்ன நினைப்பான் என்று தயங்கிவிட்டேன். அவனிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

வெள்ளம் வடிந்த பிறகு

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது வேளச்சேரியில் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். முழங்கால் அளவுக்கு வந்த தண்ணீர் மூன்றாம் நாள் வடிந்தது. சுவரின் ஈரம் மட்டும் மார்ச் வரை காயவில்லை. பீரோவை நகர்த்தினால் பின்னால் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சணம். பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைத்தாலும் பத்து நாளில் திரும்ப வரும். அந்தப் பொங்கலுக்குச் சளி பிடித்தது. காய்ச்சல் போனது, இருமல் போனது, மூக்கடைப்பு மட்டும் தங்கிவிட்டது. காலையில் எழுந்தால் நாக்கு அட்டை மாதிரி காய்ந்திருக்கும். துடைத்துத் துடைத்து மூக்குத்தியைச் சுற்றிப் புண். போனில் பேசினால் "என்ன, அழுதியா?" என்று அக்கா கேட்பாள்.

ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருந்த தோழிதான் முதல் பாட்டிலைக் கொடுத்தாள். சைலோமெட்டசோலின் சொட்டு. மூன்று சொட்டு விட்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, இரண்டு பக்கமும் திறந்தது. அந்த முதல் மூச்சு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அடைத்த அறையில் யாரோ ஜன்னலைத் திறந்ததுபோல நெற்றி வரைக்கும் குளிர்ந்தது. அன்று ராத்திரி பல மாதங்களுக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு தூங்கினேன். இவ்வளவு நல்ல மருந்தை யாரும் ஏன் முன்பே சொல்லவில்லை என்றுதான் தோன்றியது.

ஆரம்பத்தில் ராத்திரி மட்டும் விட்டால் போதும், விடியும் வரை தாங்கும். இரண்டு மாதத்தில் காலையிலும் வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, அதற்கடுத்த வருஷம் இரண்டு மணி நேரம். தலையணைக்கு அடியில் ஒன்று, கைப்பையில் ஒன்று, ஆபீஸ் டிராயரில் ஒன்று. ராத்திரி பதினொரு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். ஒரு முறை காஞ்சிபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போகும்போது பாட்டிலை மறந்துவிட்டேன். தாம்பரம் தாண்டியதும் மூச்சு முட்ட ஆரம்பித்தது. பஸ்ஸை விட்டு நடுவழியில் இறங்கி மெடிக்கல் ஷாப் தேடினோம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்ற என் கணவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. மருந்து என் கையை விட்டுப் போய்விட்டது, நான்தான் அதன் பிடியில் இருக்கிறேன் என்று அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாமே சைனஸ், எல்லாமே சதை

நம் ஊரில் மூக்கு அடைத்தால் இரண்டே வார்த்தைதான். ஒன்று, "எனக்கு சைனஸ் இருக்கு." சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது, அது மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறை, நோயின் பெயரே இல்லை. இன்னொன்று, "மூக்குல சதை வளர்ந்திருக்கு." இந்தச் 'சதை'யைத்தான் நான் ரொம்ப நாள் புரிந்துகொள்ளாமல் இருந்தேன். மூக்கின் பக்கச் சுவரில் பிறவியிலேயே எல்லோருக்கும் இருக்கும் டர்பினேட் என்ற திட்டு வீங்கினாலும் சதை என்கிறோம். உரித்த திராட்சைபோல வழவழவென்று தொங்கும் பாலிப்பும் சதைதான். குழந்தைகளுக்கு மூக்கின் பின்பக்கம், தொண்டைக்கு மேலே இருக்கும் அடினாய்டு பெருத்தாலும் அதே சதை. மூன்றும் வேறு வேறு இடம், வேறு வேறு காரணம், வேறு வேறு வைத்தியம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சதையை எடுத்து நன்றாகிவிட்டார் என்பதற்காக நம்முடைய சதையையும் எடுக்கப் போய்விடுகிறோம்.

அம்மா தன் பங்குக்கு எல்லாம் செய்தாள். நொச்சி இலையும் மஞ்சளும் போட்டு ஆவி, விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு அந்தப் புகை, ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்த பொட்டலம், நெற்றியில் நீர்க்கோவை மாத்திரைப் பற்று, மிளகு ரசம். எதையும் நான் குறை சொல்ல மாட்டேன், அந்தக் கை பட்டதே பாதி இதம். ஆவி பிடித்தால் கெட்டிச் சளி இளகும், கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், அடைப்புக்கு மூலமான வீக்கம் அதில் போகாது. தைலம் இன்னும் விசித்திரம். அதிலிருக்கும் மெந்தால், குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டிவிடுகிறது, மூளை அதைக் காற்று போகிறது என்று எடுத்துக்கொள்கிறது. மூக்கின் வழி அகலமாவதில்லை. தூங்குவதற்கு முன்பு தடவிக்கொள்வதில் தப்பில்லை, மருந்து என்று நம்பி வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கத்தான் கூடாது. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன், கொதிக்கும் பாத்திரத்தை மடியில் வைத்துக் குழந்தைக்கு ஆவி பிடிக்க வைக்காதீர்கள். எங்கள் உறவில் ஒரு குழந்தைக்குத் தொடை வெந்தது இப்படித்தான்.

2018-ல் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது என்றார்கள், ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். மொத்தம் ஏழெட்டு நிமிடம். நான் என்ன மருந்து போடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, கடையில் சும்மா கிடைக்கும் சொட்டு ஒரு மருந்தா என்று நினைத்திருந்தேன். தண்டு வளைந்திருந்தது உண்மை. ஆனால் கோடு போட்டதுபோல நேரான தண்டு இருப்பவர்களே குறைவு, பெரும்பாலானவர்கள் அந்த வளைவோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. பணத்துக்கும் பயத்துக்கும் நடுவில் அந்தத் தேதி தள்ளிப்போனது. அப்புறம் கொரோனா வந்தது.

நங்கநல்லூர் டாக்டரம்மா

2022 ஆகஸ்டில் நங்கநல்லூரில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனேன். பையனுக்குக் காது வலி, அவனைக் காட்டத்தான் போனேன். டாக்டரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பையன் காதைப் பார்த்து முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "உங்க மூக்கு எவ்ளோ நாளா இப்படி இருக்கு?" என்றார். நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை, என் குரலே சொல்லிவிட்டதாம்.

நாக்கை அழுத்திப் பார்க்கும் எஃகுத் தகட்டை என் மூக்குக்குக் கீழே படுக்கையாகப் பிடித்தார். "மூச்சு விடுங்க." தகட்டில் ஆவி படிந்தது. இடது பக்கம் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வட்டம், வலது பக்கம் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. அந்த எஃகில் அது மறைவதற்குள் என்னிடம் காட்டினார். பிறகு மருந்து நனைத்த பஞ்சை இரண்டு பக்கமும் வைத்துவிட்டு, வெளியே பத்து நிமிடம் உட்காரச் சொன்னார். திரும்ப வந்து அதே தகடு. இந்த முறை இரண்டு பக்கமும் எட்டணா அளவுக்கு வட்டம். "பாத்தீங்களா? தண்டு வளைஞ்சதுதான் காரணம்னா மருந்து வெச்சா தொறக்காது, எலும்பு சுருங்காது இல்ல? தொறந்துச்சுன்னா இது வீக்கம். வீக்கத்துக்கு முதல்ல கத்தி எதுக்கு?"

அடுத்துக் கேட்டதுதான். "பையில சொட்டு மருந்து வெச்சிருக்கீங்களா? எடுங்க." எடுத்தேன். அன்றைக்குக் கைப்பையில் மூன்று இருந்தன, ஒன்று காலி, ஒன்று பாதி, ஒன்று பிரிக்காதது. மூன்றையும் மேஜையில் வரிசையாக நிற்க வைத்தார். பையன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "எத்தனை நாளா போடறீங்க?" ஆறு வருஷம் என்றேன். அவர் திட்டவில்லை. பிரிக்காத பாட்டிலின் அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த வரியை விரலால் காட்டினார். வருஷக் கணக்கெல்லாம் அதில் இல்லை, நாள் கணக்குத்தான் போட்டிருந்தது. "மூணு நாள். மிஞ்சிப்போனா அஞ்சு நாள். அதுக்கு மேல இது உங்க மூக்கைத் தொறக்கலைம்மா, இதுதான் அடைக்குது."

படம் வரைந்து காட்டினார். மூக்கின் இரு பக்கச் சுவரிலும் மும்மூன்று டர்பினேட்டுகள், கீழே இருப்பது பெரியது. அதற்குள் முழுக்க ரத்தக் குழாய்கள், ரத்தம் நிறைந்தால் உப்பும், வடிந்தால் சுருங்கும். சொட்டு மருந்து அந்தக் குழாய்களை இறுக்கிப் பிழிந்துவிடுகிறது, உடனே வழி கிடைக்கிறது. மருந்தின் வேகம் தீர்ந்ததும் முன்பைவிட அதிகமாக வீங்குகிறது. நாள் போகப் போகக் குழாய்கள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன, பத்து மணி நேரம் தாங்கியது இரண்டு மணி நேரம் தாங்குகிறது. சளியால் வந்த அடைப்பு எப்போதோ போய்விட்டது, நான் ஆறு வருஷமாக மருந்து கொடுத்த அடைப்புக்கு அதே மருந்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அழுதேன். கோபமா நிம்மதியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பதினெட்டு ராத்திரி

ஒரே நாளில் இரண்டு பக்கமும் நிறுத்த வேண்டாம் என்றார். முதலில் வலது பக்கம் மட்டும் நிறுத்துவது. இடது பக்கத்துக்கு வழக்கம்போலச் சொட்டு. இரண்டு பக்கமும் தினமும் ஸ்டீராய்டு ஸ்பிரே. வலது பக்கம் தானாகத் திறந்த பிறகு இடது பக்கத்தையும் நிறுத்துவது. ஒரு பக்கமாவது மூச்சு இருக்கும் என்பதால் பயம் குறையும். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு கரிசனமான ஏற்பாடு அது.

ஸ்டீராய்டு என்றதும் எனக்கும் திக்கென்றது. ஒரு அழுத்தத்துக்கு வருவது 50 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் மூக்கிலேயே வேலை செய்கிறது, ரத்தத்துக்குள் போவது மிகச் சொற்பம். மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டையும் இதையும் ஒன்றாக நினைத்து ஸ்பிரேயை ஒதுக்கிவிட்டு, பயப்பட வேண்டிய சொட்டைப் பயமில்லாமல் வாங்குகிறோம். ஆனால் ஸ்பிரேக்குப் பொறுமை வேண்டும். அடித்த ஐந்து நிமிடத்தில் எதுவும் நடக்காது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், தினமும் விடாமல் அடிக்க வேண்டும். "நாலு நாள் அடிச்சேன், ஒண்ணும் ஆகலை" என்று தூக்கிப் போட்டவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். அடிக்கும் விதமும் இருக்கிறது. தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால், நுனியைக் காதுப் பக்கம் பார்த்துப் பிடிக்க வேண்டும். நடுத்தண்டைப் பார்த்து அடித்தால் அங்கே புண்ணாகி ரத்தம் வரும். அடித்ததும் 'சர்ர்' என்று உறிஞ்சக் கூடாது, உறிஞ்சினால் எல்லாம் தொண்டைக்குப் போய்விடும்.

முதல் மூன்று ராத்திரிகள் கொடுமை. வலது பக்கம் சிமெண்ட் வைத்து அடைத்ததுபோல. இரண்டு தலையணை போட்டுத் தலையை உயர்த்திப் படுத்தேன். எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறோமோ அந்தப் பக்கம் அடைக்கும், புரண்டால் கொஞ்ச நேரத்தில் அடைப்பு மாறும் என்று அப்போதுதான் கவனித்தேன். மூன்றாம் ராத்திரி இரண்டரை மணிக்கு எழுந்து பீரோ வரைக்கும் போய்விட்டேன், சாவி அவரிடம் இருந்தது, நான்தான் கொடுத்து வைத்திருந்தேன். அவர் எழுந்து விளக்கைப் போட்டு, எதுவும் பேசாமல் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, விடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏழாம் நாள் காலை பல் தேய்க்கும்போது வலது பக்கம் மெல்லிசாக ஒரு இழை காற்று. பதினோராம் நாள் முழுசாகத் திறந்தது. அன்றே இடது பக்கச் சொட்டை நிறுத்தினேன், பழக்கமாகிவிட்டதாலோ என்னவோ அது அவ்வளவு படுத்தவில்லை, ஒரு வாரம்தான். பதினெட்டாம் நாள் ராத்திரி எதையும் போடாமல் தூங்கினேன்.

இந்த நாட்களில் எனக்குக் கைகொடுத்தது உப்புத் தண்ணீர். ஒரு லிட்டருக்கு 9 கிராம் அயோடின் கலக்காத உப்பு, சமையலறைத் தராசில் நிறுத்துப் போட்டேன். கணக்குத் தவறினால் எரியும், சரியாக இருந்தால் எதுவும் தெரியாது. மெடிக்கல் ஷாப்பில் பொட்டலமாகவும் கிடைக்கிறது. சிங்க்கில் குனிந்து, வாயால் மூச்சு விட்டபடி ஒரு பக்கம் ஊற்றினால் மறு பக்கம் வரும், தூசியும் சளியும் கழுவிக்கொண்டு போகும். ஆனால் தண்ணீர் விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். மெட்ரோ வாட்டர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், எதுவானாலும் கொதிக்க வைத்து ஆறிய பிறகுதான் மூக்கில் விட வேண்டும். 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரில் மூக்கைக் கழுவிய இரண்டு பேர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள். 2024-ல் கேரளத்தில் நீர்நிலைகளில் குளித்த பிள்ளைகள் அதே அமீபாவால் இறந்ததை நாமெல்லோரும் செய்தியில் பார்த்தோம். குடித்தால் ஒன்றும் செய்யாத அந்த உயிரி மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது.

இரண்டு பக்கமும் எப்போதும் திறந்திருக்காது

குணமான பிறகும் ஒரு பயம் போகவில்லை. காலையில் இடது பக்கம் நன்றாக இருக்கும், மதியம் பார்த்தால் அதே பக்கம் கொஞ்சம் மந்தம். திரும்ப வந்துவிட்டதோ என்று டாக்டரம்மாவிடம் ஓடினேன். எல்லோருக்குமே அப்படித்தான் என்றார். சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்க டர்பினேட் உப்பும், மறு பக்கம் சுருங்கும், பிறகு மாறும். ரிச்சர்ட் கெய்சர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895-ல் இதை விவரித்து எழுதியிருக்கிறார். நம் சித்தர்கள் இடகலை, பிங்கலை என்று பெயர் வைத்து மூச்சு பக்கம் மாறுவதைக் கவனித்து வந்தது அதற்கு எவ்வளவோ முன்பு. சின்ன வயதில் தாத்தா புறங்கையை மூக்கின் கீழே வைத்துப் பார்த்து, "இப்போ எந்தப் பக்கம் சரம் ஓடுது?" என்று கேட்பார், எனக்கு அது விளையாட்டு. அந்த இயல்பான மாற்றத்தைக்கூட நான் ஆறு வருஷம் நோய் என்று நினைத்துச் சொட்டு விட்டு அடக்கியிருக்கிறேன். இப்போது ஒரு பக்கம் மந்தமானால் பேசாமல் இருப்பேன், அதுவே மாறிவிடும்.

சரி, சொட்டை நிறுத்தியதோடு கதை முடியவில்லை. முதன்முதலில் சளி ஏன் தங்கியது என்ற கேள்வி இருந்ததே. முன்கையில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் அலர்ஜி பரிசோதனையில் வீட்டுத் தூசிப் பூச்சிக்குப் பெரிய தடிப்பு எழும்பியது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி நம் உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது, காற்றில் ஈரம் இருந்தால் செழிக்கும், சென்னையில் கேட்கவே வேண்டாம். பழைய இலவம்பஞ்சுத் தலையணைகளைத் தூக்கிப் போட்டேன். உறைகளை வாரம் ஒரு முறை கொதிநீரில் ஊறவைத்துத் துவைக்கிறேன், ஏ.சி. வலையை நானே கழுவுகிறேன், கொசுவத்திச் சுருளுக்குப் பதில் வலை கட்டினோம். அம்மா வீட்டில்தான் சிக்கல். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாம்பிராணி போடாம எப்படிடீ?" என்றாள். கடைசியில் நான் மொட்டை மாடிக்குப் போய் அரை மணி நேரம் நிற்பது என்று ஒப்பந்தம். போகிக்கும் தீபாவளிக்கும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுகிறேன்.

மாத்திரை விஷயமும் சொல்ல வேண்டும். லீவோசெட்ரிசின் போன்றவை தும்மலுக்கும் அரிப்புக்கும் நன்றாகக் கேட்கும், அடைப்புக்கு அவ்வளவாக உதவாது. அதோடு மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையை நம் ஊரில் சர்வசாதாரணமாக வாங்கி விழுங்குகிறோம். மனநிலை, தூக்கம் சம்பந்தமான பக்கவிளைவுகள் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் அந்த மருந்துக்குக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது, சாதாரண மூக்கு அலர்ஜிக்கு மற்றது எதுவும் கேட்காவிட்டால் மட்டும் என்றது. சளி மாத்திரைகளில் இருக்கும் ஃபினைலெஃப்ரின் வாய் வழியாகச் சாப்பிட்டால் மூக்கடைப்புக்கு வேலையே செய்யவில்லை என்று அதே அமைப்பின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் சொல்லிவிட்டது. எத்தனை அட்டை விழுங்கியிருப்பேன்! அலர்ஜியை வேரோடு குறைக்க நாக்கின் அடியில் விடும் சொட்டும் ஊசியும் உண்டு, மூன்றிலிருந்து ஐந்து வருஷம் விடாமல் எடுக்க வேண்டும். எனக்கு ஸ்பிரேயிலேயே கட்டுப்பட்டதால் அது தேவைப்படவில்லை.

ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் தம்பிக்கு உண்மையிலேயே பாலிப். இரண்டு பக்கமும் நிறைந்து, வாசனை அடியோடு போய்விட்டது, கேஸ் கசிந்தால்கூடத் தெரியாது. எண்டோஸ்கோப் வழியாக எடுத்தார்கள். பத்து நாள் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தவன் பெருங்காய வாசனைக்குத் தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்த பார்வை எங்கள் வீட்டில் யாருக்கும் மறக்காது. அவனும் பாலிப் திரும்ப வராமல் இருக்க ஸ்பிரேயைத் தொடர்கிறான். வளைந்த தண்டு நிஜமாகவே வழியை அடைத்திருந்தால் அதை நேராக்குவதுதான் வைத்தியம். மருந்துக்குச் சுருங்காத டர்பினேட்டை ரேடியோ அலைச் சூட்டில் சிறிதாக்குகிறார்கள். அளவுக்கு மீறி வெட்டி எடுத்துவிட்டால் மூக்கு முழுக்கத் திறந்திருந்தும் மூச்சே போகாததுபோல ஒரு தவிப்பு சிலருக்கு வந்துவிடுகிறது, ஏனென்றால் காற்று போவதை நமக்கு உணர்த்துவதே அந்தத் திட்டில் இருக்கும் நரம்புகள்தான். அதனால்தான் கத்திக்கு முன்னால் என்ன காரணம் என்று கேட்கச் சொல்கிறேன். ஒரே பக்கம் அடைத்து, அதில் ரத்தமும் வந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். சின்னக் குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால் உள்ளே மணியோ புளியங்கொட்டையோ இருக்கக்கூடும்.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் மெடிக்கல் ஷாப் வாசலில் சொல்லியிருக்க முடியாதுதான். ஆனால் ஒரு வரி சொல்லியிருக்கலாம். மனசு கேட்காமல் இரண்டு நாள் கழித்துக் கடைக்காரரிடமே போய்ப் பேசினேன். என்னையும் அவருக்குப் பல வருஷமாகத் தெரியும். "கேட்டா வேற கடைக்குப் போயிடுவாங்கக்கா" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க வாங்கறப்பயும் நான் ஒண்ணும் சொல்லலை இல்ல?" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ஒரு சீட்டில் 'தம்பி, இதை அஞ்சு நாளைக்கு மேல போட்டா மூக்கு இதனாலயே அடைக்கும், ஒரு பக்கமா நிறுத்தலாம், இவங்களைப் போய்ப் பாருங்க' என்று எழுதி, நங்கநல்லூர் கிளினிக் முகவரியையும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தால் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறேன் என்று கல்லாப்பெட்டிக்கு அடியில் செருகி வைத்தார்.

சனிக்கிழமை காய்ச்சல் மாத்திரை வாங்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். சீட்டு அங்கேயே இருந்தது. "இன்னும் வரலைக்கா, போன தடவை ரெண்டு வாங்கிட்டுப் போனான் இல்ல" என்றார்.